திருவிழாவுக்கு ஒரு பணியேடு



அர்ச்சனைத் தட்டைப் பெற்றுக்கொண்டதும் குருக்கள் கேட்பவை பெயரும் நட்சத்திரமுமே. ஏனைய யாவும் சங்கல்பத்தில் முன்பே அமைந்துள்ளன. ஆண்டு, அயனம், மாதம், பட்சம், திதி ஆகியவற்றுக்கு அதில் இடமுண்டு. அன்றைக்குரியதை இட்டு நிரப்பினால் போதும். சொற்றொடர் மாறுவதில்லை, இடுவனவே மாறுகின்றன. மகோற்சவக் கிரியைகளும் பத்ததி நூல்களில் இவ்வாறே வகுத்து வைக்கப்பட்டுள்ளன. 12ஆம் நூற்றாண்டினரான அகோர சிவாச்சாரியாரின் பத்ததி இன்றளவும் சிவாலயங்களில் கைக்கொள்ளப்பட்டு வருகிறது.

கருவறைக்குள் இத்துணை ஒழுங்கு. வெளியில் நடைபெறும் தொண்டுகளுக்கோ பெரும்பாலும் எழுத்தே இல்லை. பந்தல், அன்னதானம், பால்குடம், தேர் ஊர்வலத்திற்கான போலீஸ் அனுமதி ஆகிய அனைத்தும் யாரோ ஒரு பெரியவரின் நினைவில் இருந்து வந்தன. ரப்பர் மரங்கள் செம்பனைக்கு வழிவிட்டு, தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகி, மக்கள் அலோர் காஜா, ஜாசின், மலாக்காப் பட்டணம், அதற்கப்பால் ஜொகூர், கிள்ளான் எனப் பிரிந்து சென்றபோது அந்நினைவும் சிதறிற்று. விழாவுக்கு மட்டும் ஊர் திரும்பும் இளைஞர்க்கு உழைக்க மனமுண்டு. எவ்வேலை எவருடையது என்பதுதான் தெரிவதில்லை. மூவர் வாழைமரம் கொணர்வர், தண்ணீருக்கு ஒருவரும் இரார். இவ்வாறு ஆண்டுக்காண்டு சுருங்கி, பத்து நாள் விழா மூன்று நாளாகவும், பின்னர் ஒரு நாளாகவும் குறையக்கூடும்.

உபயப் பட்டியல் இருக்கிறதே எனலாம். எந்நாள் எக்குடும்பத்துக்கு உரியது என்பதை அது கூறும். அந்நாளை நடத்தும் வகையைக் கூறாது. அதற்கு வேண்டுவது ஒரு பணியேடு.

மலாக்காவின் மாசி மகத்தை எண்ணிப் பார்க்கலாம். தட்டார் வீதியில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயத்திலிருந்து செங் சன்னாசிமலை ஆண்டவர் ஆலயத்திற்கு வெள்ளி ரதம் செல்கிறது. இரு ஆலயம், நெடிய வழி, இடையிடையே பந்தல்கள், பல குழுக்கள். விழா நாளையோ நட்சத்திரம் தீர்மானிக்கிறது. ஆதலின் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். எனவே பணியேட்டில் தேதி எழுதுதல் ஆகாது. "விழாவுக்கு 60 நாள் முன்பு அனுமதி விண்ணப்பம், 30 நாள் முன்பு நாதஸ்வரக் குழுவிடம் உறுதி, 7 நாள் முன்பு அரிசியும் காய்கறியும்" எனப் பின்னோக்கி எண்ணி எழுதுதல் வேண்டும். அவ்வாறு எழுதிய ஏடு எந்த ஆண்டுக்கும் பொருந்தும். மகம் பிறக்கும் நாளைப் பஞ்சாங்கத்தில் பார்த்து இட்டால் போதும்.

ஆட்பெயரையும் முதலில் எழுதலாகாது. "சமையற்கூடப் பொறுப்பு", "பால்குட வரிசைப் பொறுப்பு" எனப் பணியை எழுதி, பெயருக்கு வெற்றிடம் விட வேண்டும். பெயரை முதலில் எழுதிவிட்டால் அவர் ஊர் மாறியதும் பணியும் மறைந்துவிடும்.

பல ஊர்கள் ஒரே முறையைக் கைக்கொள்ளல் இயலுமோ என ஐயுறுவோர், 1965இல் தோன்றிய மலேசிய இந்து சங்கத்தின் திருமுறை ஓதும் விழாவைக் காணலாம். வட்டாரம், மாநிலம், தேசியம் எனப் படிப்படியாக நடைபெறும் அவ்விழாவில் பிரிவுகளும் விதிகளும் எல்லா ஊர்க்கும் பொது; மண்டபமும் தொண்டரும் அந்தந்த ஊர்க்கு உரியவர். ஒரு சிற்றூர் ஆலயமும் தானாக எதையும் வகுக்காமலே விழாவை நடத்திவிட முடிகிறது.

ஆண்டவன் அருளால் நடக்கும் காரியத்துக்கு ஏடெதற்கு என வினவுவோரும் உளர். அரிசி மூட்டைக்குச் சொல்லி வைப்பது அடியார் வேலையேயன்றி ஆண்டவனுடையதன்று!

ஏட்டின் உயிர் விழா முடிந்த வாரத்தில்தான் இருக்கிறது. மஞ்சள் நீராட்டு முடிந்து எல்லோரும் களைத்திருக்கும் அவ்வேளையிலேயே மாதர் பிரிவும் இளைஞர் பிரிவும் ஒரு மாலை அமர்ந்து, எத்தனை மூட்டை அரிசி வெந்தது, எத்தனை மீந்தது, எந்தத் திருப்பத்தில் தேர் நின்றது என்பனவற்றைக் குறித்துவிட வேண்டும். அடுத்த கூட்டத்திற்கென ஒத்திவைத்தால் நினைவில் நிற்பது பாராட்டுரைகள் மட்டுமே. குறித்தபின் மூன்று படிகள் எடுத்தல் நலம்: ஒன்று ஆலய அலுவலகத்துக்கு, ஒன்று மாதர் பிரிவுக்கு, ஒன்று அடுத்த தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு. பெரிய அண்டாக்களையும் கூடாரங்களையும் அங்கிருந்தும் இங்கிருந்தும் இரவல் வாங்கும் வழக்கம் எப்படியும் உண்டே.