24,000 டாலர் வித்தியாசம்

இன்று பட்டம் பெறும் இளம் பொறியாளர்களே,

உங்களுக்கு ஒரு கம்பெனியின் கதையைச் சொல்கிறேன். 1912-இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஹாரி மாரிசனும் மாரிஸ் நுட்சனும் 600 டாலர், சில குதிரைகள், தள்ளுவண்டிகளோடு ஒப்பந்தத் தொழிலில் இறங்கினார்கள். ஸ்நேக் ஆற்றில் எடுத்த முதல் வேலையே நஷ்டம். ஆனால் அந்த நஷ்டத்தில்தான் எஸ்டிமேட் போடக் கற்றார்கள்.

1931-இல் ஹூவர் அணைக்கு டெண்டர் வந்தது. பெக்டெல், கைசர் முதலிய கட்டுமான நிறுவனங்களுடன் கூட்டுச் சேர்ந்தது அவர்களுடைய மாரிசன் நுட்சன் கம்பெனி. கணக்குப் போட்டவர் ஃபிராங்க் குரோ. அணை வேலையிலேயே ஊறியவர். அவர் எழுதிய தொகை சுமார் 4 கோடியே 89 லட்சம் டாலர். அரசுப் பொறியாளர்களின் மதிப்பீட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் 24,000 டாலர்தான்! 221 மீட்டர் உயர அணை, கெடுவுக்கு இரண்டு ஆண்டு முன்பே 1936-இல் முடிந்தது. அங்கே 96 தொழிலாளர்கள் இறந்தார்கள் என்பது அரசுக் கணக்கு. எந்த எஸ்டிமேட்டிலும் அதற்கு ஒரு வரி இருந்ததில்லை.

1988-இல் வில்லியம் ஏஜி மாரிசன் நுட்சனின் தலைமைக்கு வந்தார். அணை கட்டிய கம்பெனி, பயணிகள் ரயில் பெட்டி செய்யப் புறப்பட்டது. ஆர்டரைப் பிடிக்க அடிமட்ட விலை எழுதினார்கள். தொழிலில் விழுந்த ஓட்டையை, முதலீட்டு லாபமும் சொத்து விற்ற பணமும் கொஞ்ச காலம் மூடி மறைத்தன. தலைமையகம் ஐடஹோவில்; தலைவரோ கலிஃபோர்னியாக் கடலோர வீட்டிலிருந்து நிர்வாகம் செய்தார். 1994-இல் நஷ்டம் 30 கோடி டாலரைத் தாண்டியது. 1995-இல் அவர் வெளியேற்றப்பட்டார். 1996-இல் திவால் மனு, கம்பெனி கைமாறியது. 2000-இல் பெயரும் போயிற்று.

முதல் நஷ்டம் ஆற்றங்கரையில் எல்லோர் கண்ணெதிரே நடந்தது, அதனால் பாடமானது. கடைசி நஷ்டம் கணக்குப் புத்தகத்துக்குள் ஒளிந்திருந்தது. அதனால் ஆளை விழுங்கியது.

நாளை உங்கள் மேசைக்கும் ஒரு டெண்டர் வரும். “கொஞ்சம் குறைச்சுப் போடுப்பா, வேலை கைக்கு வரட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்” என்று யாராவது சொல்வார்கள். அந்தத் தொகையை எழுதுமுன் ஒருமுறை சைட்டுக்குப் போய், அங்கே மண் தோண்டுகிறவரிடம் பேசிவிட்டு வாருங்கள்.