குழந்தையோடு ஒரு குறும்பயணம்

மாணவ நண்பர்களே,

பயணத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் தாம் கண்ட ஊர்களைப் பற்றியே பேசுவர். நான் இன்று பேசப்போவது அதற்கு முற்பட்ட ஒரு காரியத்தைப் பற்றி; அதாவது, பயணத்துக்குத் திட்டம் வகுப்பதைப் பற்றி. அதிலும், நடை பழகி ஓராண்டுகூட நிரம்பாத ஒரு சிறு குழந்தையை உடன் அழைத்துக்கொண்டு, ஓரிரு நாளில் ஒரு பழைய நகரத்தைப் பார்த்துவருவது எவ்வாறு என்பதைப் பற்றி. “படித்துக்கொண்டிருக்கும் எங்களுக்கு இதனால் ஆவதென்ன?” என்று நீங்கள் எண்ணக்கூடும். இப்பாடத்தை நான் அறுபது வயதுக்கு மேல்தான் கற்றேன். அதுவும் ஒரு பெரும் பிழையைச் செய்துவிட்டுக் கற்றேன். அப்பிழையை நீங்கள் செய்யாதிருக்க வேண்டும் என்பதே என் நோக்கம்.

என் ஊர் கூடுவாஞ்சேரி. பல்லாண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பகுதியில் பள்ளிச் சுற்றுலா என்றால் மாமல்லபுரம்தான். இருபது முறைக்குக் குறையாமல் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றிருக்கிறேன். சட்டைப்பையில் கால அட்டவணை, கழுத்தில் ஊதல். ஒன்பதரை மணிக்கு ஐந்து ரதம், பத்தேகாலுக்குக் கடற்கரைக் கோயில், பதினொன்றுக்கு அர்ச்சுனன் தபசு என்று, பள்ளிக்கூட மணி அடிப்பதுபோல் ஊதலை ஊதுவேன். பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக வரிசையில் நடப்பார்கள். ஒருவரும் தவறிப்போனதில்லை, ஓர் இடமும் விட்டுப்போனதில்லை. இதில் எனக்கு அளவற்ற பெருமை உண்டு.

இந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது. சில ஆண்டுகளுக்கு முன், என் பேத்திக்கு ஒன்றரை வயது ஆகியிருந்தபோது, குடும்பத்தோடு மாமல்லபுரம் போகத் தீர்மானித்தோம். திட்டம் வகுக்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். பழைய அட்டவணையை எடுத்தேன். ஏழு இடங்கள், ஒரே பகல். மாதமோ மே மாதம்; கத்திரி வெயில் காலம். “அப்பா, குழந்தை தாங்குவாளா?” என்று என் மகள் ஒருமுறை கேட்டாள். “இருபது முறை போய்வந்தவனிடமா கேட்கிறாய், அம்மா?” என்று நான் சிரித்துவிட்டேன்.

அன்று நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன். நண்பகலில் நாங்கள் பாறைக்குன்றின் மேல், கலங்கரை விளக்கத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தோம். காலையிலிருந்து அழுதுகொண்டிருந்த குழந்தை திடீரென்று அடங்கிவிட்டாள். ‘ஒருவழியாகச் சமாதானமானாள்’ என்று நான் மகிழ்ந்தேன். தாய் அவள் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள். முகம் கன்றிச் சிவந்திருந்தது; உதடு வறண்டிருந்தது; காலை முதல் கட்டிய துணி நனையவே இல்லை. தண்ணீரைக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஓட்டமாக இறங்கி ஒரு மருத்துவரிடம் கொண்டுசென்றோம். உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாகப் புகட்டி, ஈரத் துணியால் உடலை ஒற்றி, மாலைக்குள் அவளைத் தேற்றினார்கள். “இன்னும் சிறிது தாமதித்திருந்தால்...” என்று தொடங்கிய மருத்துவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அத்துடன் நிறுத்திக்கொண்டார்.

வீடு திரும்பும் வரையில் என் மகள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வீட்டு வாயிலில்தான், “அப்பா, நீங்கள் குழந்தையை அழைத்துக்கொண்டு போகவில்லை; அட்டவணையை அழைத்துக்கொண்டு போனீர்கள்” என்றாள். ஆண்டுதோறும் எத்தனையோ மேலதிகாரிகள் என் பள்ளியைப் பார்வையிட்டு எழுதிய குறிப்புகள் உண்டு. அவற்றுள் எதுவும் இந்த ஒரு வாக்கியத்தைப்போல் என்னைத் தைத்ததில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் படித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. இத்தாலி நாட்டுக் கல்வியறிஞர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் நம் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். சிறு குழந்தையின் நடையைப் பற்றி அவர் ஓர் அரிய உண்மையைச் சொல்லியிருக்கிறார். பெரியவர்கள் ஓரிடத்தைச் சென்றடைவதற்காக நடக்கிறார்கள். இரண்டு வயதுக் குழந்தையோ நடப்பதற்காகவே நடக்கிறது. வழியில் கண்டதற்கெல்லாம் நிற்கும், உட்காரும், மீண்டும் எழுந்து நடக்கும். அதன் போக்கில் விட்டால் நெடுந்தூரம்கூட நடக்கும். நம் வேகத்துக்கு இழுத்தால் சிறிது நேரத்தில் சோர்ந்துவிடும். இதைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவன் நான். மாணவ நண்பர்களே, தேர்வுத்தாளில் இருந்த அறிவு, குன்றின் மேல் வெயிலில் நின்றபோது என்னிடம் இல்லை. படிப்புக்கும் வாழ்வுக்கும் இடையே இத்தகைய பள்ளம் விழ இடங்கொடாதீர்கள்.

அடுத்த தை மாதத்தில், மகளின் அனுமதி பெற்று, மீண்டும் ஒருமுறை முயன்றேன். இம்முறை ஆசிரியன் பாடக்குறிப்பு எழுதுவதுபோல், ஒரு தாளில் முதலில் குழந்தையின் நாளை எழுதிக்கொண்டேன். எத்தனை மணிக்கு விழிக்கிறாள், எப்போது பசிக்கிறது, எப்போது உறங்குகிறாள், எந்நேரத்தில் உற்சாகமாக இருக்கிறாள்? ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்கு, பகல் உறக்கத்தையும் சேர்த்து, நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேர உறக்கம் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இரண்டைக் கடந்துவிட்ட என் பேத்தியின் கணக்கும் ஏறக்குறைய அதுவாகவே இருந்தது. அந்த உறக்கத்தையும் உணவையும் குளியலையும் கழித்துப் பார்த்தேன். ஊர் பார்க்க மிஞ்சியது, காலையில் இரண்டு மணி நேரமும் மாலையில் இரண்டு மணி நேரமுந்தான். அந்த நான்கு மணி நேரத்துக்குள் மாமல்லபுரத்தை அடக்குவது எப்படி? அடக்க முடியாது; குறைக்கத்தான் முடியும். ஏழு இடங்களில் நான்கை அடித்துவிட்டேன். ஒரு பகலை இரண்டு நாளாக்கினேன்.

விடியற்காலை ரயிலில் கூடுவாஞ்சேரியிலிருந்து செங்கற்பட்டுக்குச் சென்றோம். கொளவாய் ஏரியைக் கண்டதும் குழந்தை கைகொட்டினாள். அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் மாமல்லபுரம். வெயில் ஏறுமுன் அர்ச்சுனன் தபசின் முன்னே நின்றோம். அன்று காலைக்கு அது ஒன்றுதான்.

ஏறக்குறைய 90 அடி நீளமுள்ள அந்தப் பாறைச் சிற்பத்தைப் பற்றி நான் மாணவர்களுக்கு எத்தனை சொற்பொழிவு ஆற்றியிருப்பேன்! பல்லவர் காலம், ஏழாம் நூற்றாண்டு, அர்ச்சுனன் தவமா, பகீரதன் தவமா என்ற ஆராய்ச்சி, 1984இல் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்ட செய்தி, எல்லாம் கூறியிருப்பேன். என் பேத்தி இவற்றுள் எதையும் அறியாள். அவள் நேரே அந்தப் பெரிய யானையிடம் போய் நின்றாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். கால் மணி நேரம் ஆயிற்று, எழவில்லை. பொறுமையிழந்து நானும் பக்கத்தில் குந்தினேன். அப்பொழுது அவள் விரல் காட்டிய இடத்தைப் பார்த்தேன். பெரிய யானையின் கால்களுக்கிடையே, அதன் நிழலிலே, குட்டி யானைகள்! இருபது முறை நான் அவ்விடத்தில் நின்றிருக்கிறேன். குட்டிகள் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அச்சிற்பி, அவ்வளவு பெரிய உருவத்தைச் செதுக்கியபோது, குட்டிகளுக்கு இடம்விட்டுச் செதுக்கினானே என்று அன்றுதான் தோன்றியது. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு என் அட்டவணையில் அப்படி ஓர் இடம் நான் விட்டிருந்தேனா?

பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்தில், பால் கறக்கப்படும் பசு தன் கன்றை நக்கிக்கொடுக்கும் சிற்பம் இருக்கிறது. அதை வழியில் கண்டு, பத்தரை மணிக்குள் விடுதிக்குத் திரும்பினோம். குழந்தை தயிர்சோறு உண்டு உறங்கினாள். அவள் உறங்கும் வேளையில் நாங்கள் முறைவைத்துக்கொண்டோம். முதலில் மகளும் மருமகனும் வராக மண்டபத்தைப் பார்த்துவர, நாங்கள் குழந்தைக்குக் காவல். பிறகு அவர்கள் காவல். இவ்வாறு, அடித்துவிட்ட இடங்களிலும் ஒன்று கிடைத்தது. மாலையில் கடற்கரைக் கோயில். மறுநாள் காலை ஐந்து ரதம். அங்கே கல் யானையும் சிங்கமும் நந்தியும் தரைமேல் நிற்பதால், அவளுக்கு அது ஒரு விலங்குத் தோட்டமாகவே இருந்தது. மணலில் தள்ளுவண்டியின் சக்கரம் உருளாது என்று முன்பே அறிந்து, அதை வீட்டில் வைத்துவிட்டுப் பழைய நூல்புடவை ஒன்றை எடுத்துச் சென்றோம். தூளிக்கும் அதுதான், விரிப்புக்கும் அதுதான்.

இனி, கடல் கடந்த செய்தி ஒன்று. மருமகனுக்கு வேலை மாற்றம் ஏற்பட்டு, அவர்கள் ஜெர்மனி நாட்டுக் கொலோன் நகரில் குடியேறினார்கள். பேத்திக்கு இரண்டரை வயது ஆகும் தறுவாயில், இரண்டு நாள் பாரிஸ் நகரம் பார்த்துவர எண்ணி, மகள் தொலைபேசியில் பேசினாள். பதினொரு இடங்கள் எழுதி வைத்திருந்தாள். “நான் ஐரோப்பாவில் கால் வைத்ததில்லையே, அம்மா” என்றேன். “பாரிஸைப் பற்றி நான் கேட்கவில்லை, அப்பா. எவற்றை அடிப்பது என்று கேட்கிறேன்” என்றாள். அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்பதை அச்சொல்லில்தான் அறிந்தேன்.

இருவரும் சேர்ந்து திட்டம் வகுத்தோம். கொலோனிலிருந்து பாரிஸுக்கு நேரான ரயில் உண்டு. மூன்றரை மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடும். அந்த நேரத்தைக் குழந்தையின் உறக்க நேரத்தோடு பொருத்தினோம். 1900இல் தொடங்கிய பாரிஸ் சுரங்க ரயிலில், பழைய நிலையங்கள் பலவற்றில் படிகளே உண்டு, மின்தூக்கி இல்லை. ஆகவே மடக்கி ஒரு கையில் தூக்கக்கூடிய தள்ளுவண்டியே ஏற்றது. 1889இல் எழுந்த ஈஃபில் கோபுரத்தின் உச்சிக்கு ஏற நீண்ட வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். ஆனால் 330 மீட்டர் உயரமுள்ள அதைப் புல்வெளியில் அமர்ந்து பார்க்க வரிசை வேண்டாம். எனவே ஏறுவதை அடித்தோம். லூவர் அருங்காட்சியகத்தை, குழந்தை உறங்கும்போது ஒருவர் மாற்றி ஒருவர் பார்ப்பது என்று வைத்தோம். அதற்காக, வாடகை சற்று மிகுந்தாலும், நடுப்பகலில் திரும்பிவரத்தக்க தொலைவில் விடுதி கொண்டார்கள். மாலை வேளைக்கு லக்சம்பர்க் தோட்டம். 1612இல் தொடங்கப்பட்ட அத்தோட்டத்தின் குளத்தில், பிள்ளைகள் பொம்மைப் பாய்மரப் படகுகளை வாடகைக்கு எடுத்துக் கோலால் தள்ளிவிட்டு விளையாடுவார்கள்.

போய்வந்தபின் மகள் பேசினாள். பதினொன்றில் நான்குதான் பார்த்தார்களாம். குழந்தை ஒருமுறைகூட வாடவில்லையாம். “பாரிஸில் என்ன பார்த்தாய்?” என்று பேத்தியைக் கேட்டேன். “படகு” என்றாள். போதாதா?

நண்பர்களே, குறித்துக்கொள்ளத்தக்க சிலவற்றைக் கூறி முடிக்கிறேன். குழந்தையோடு புறப்படுமுன் முதலில் குழந்தையின் நாளை எழுதுங்கள். பிறகு ஊரின் வரைபடத்தை விரியுங்கள். காலைக்கு ஓர் இடம், மாலைக்கு ஒரு திறந்தவெளி, நடுவே ஓய்வு. குடிநீர், பழகிய உணவு, மாற்றுடை ஆகியவற்றோடு உப்புச் சர்க்கரைப் பொட்டலமும் கைப்பையில் இருக்கட்டும்; பொட்டலத்தில் குறித்துள்ள அளவுத் தண்ணீரில்தான் அதைக் கரைக்க வேண்டும். அழுத குழந்தை காரணமின்றி அடங்கினால், அதை அமைதி என்று எண்ணி ஏமாறாதீர்கள். பெற்றோரின் தொலைபேசி எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் குழந்தையின் சட்டைப்பையில் வையுங்கள். அவசர உதவிக்கு இந்தியாவிலும் சரி, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் சரி, 112 என்ற எண்ணே உதவும்.

உங்கள் வீட்டில் தம்பி தங்கையரோ, அக்காளின் குழந்தையோ இருக்கலாம். முழங்கால் வலியோடு நடக்கும் பாட்டியும் இருக்கலாம். அடுத்த முறை குடும்பத்தோடு வெளியூர் புறப்படும்போது, திட்டம் வகுக்கும் வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் மிக மெதுவாக நடப்பவர் யார் என்று பார்த்து, அவருடைய நடையை அளவாகக் கொள்ளுங்கள். என் ஊதல் இப்போது பேத்தியின் விளையாட்டுப் பெட்டியில் இருக்கிறது. விடுமுறைக்கு வரும்போது அவள் அதை ஊதுகிறாள், நான் நடக்கிறேன். என் முழங்காலுக்கும் அந்த நடை ஏற்றதாகவே இருக்கிறது.