வீட்டுக்கு முன் அண்டை வீட்டார்

(நமது பள்ளிவாசலில் இஷா தொழுகைக்குப் பின் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சென்ற மாதம் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த இளம் தம்பதியர் என்னைத் தேடி வந்தனர். கணவர் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறார். மணமாகி ஏழு ஆண்டுகளில் நான்கு வாடகை வீடுகள் மாறிவிட்டனர். சொந்தமாக ஒரு கூரை வேண்டும் என்னும் ஏக்கத்தோடு இரண்டு விளம்பரத் தாள்களைக் கொண்டுவந்திருந்தனர். ஒன்று, திருத்தணிக்கு வெளியே அரக்கோணம் சாலையை ஒட்டிய புது மனைப்பிரிவு. மற்றொன்று, திருவள்ளூருக்கு அருகில் கட்டி முடித்த வீடு. “ஹஜ்ரத், இரண்டில் எது நல்லது என்று இஸ்திகாரா தொழுது சொல்லுங்கள்” என்றனர். “இஸ்திகாரா நீங்களே தொழ வேண்டியது. அதற்கு முன் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தீர்களா?” என்று கேட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர்.

அவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. நான் புதிதாக இமாமத்துப் பொறுப்பேற்றிருந்த காலத்தில் மாதத் தவணைக்கு ஒரு மனை வாங்கினேன். விற்றவர்கள் காட்டிய வரைபடத்தில் ஒரு மூலைக்குப் பச்சை வண்ணம் பூசி, பள்ளிவாசலுக்கென ஒதுக்கிய இடம் என்று எழுதியிருந்தனர். அந்தப் பச்சை வண்ணத்தைக் கண்டவுடன் என் அறிவு உறங்கிவிட்டது. நான்கு ஆண்டுகள் தவணை கட்டிப் பத்திரமும் பதிந்த பிறகே, அது அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவு என்பதை அறிந்தேன். 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தது. விற்கவும் இயலாமல், வீடு கட்ட அனுமதி கேட்கவும் இயலாமல் நின்றேன். அவ்வாண்டு அக்டோபர் 20ஆம் நாளுக்கு முன் விற்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் அரசு விதி வகுத்த பின், கட்டணம் செலுத்தித் தாளைச் சரிசெய்தேன். தாள் சரியாயிற்று, தரை சரியாகவில்லை. மழைக்காலத்தில் மேட்டு நிலத்து நீரெல்லாம் வடிந்து நிற்கும் பள்ளம் அது. இன்றுவரை அங்கே ஒரு செங்கல்லும் வைக்கவில்லை. அந்தப் பச்சை மூலையில் எருமைகள் மேய்கின்றன.

அரபு மொழியில் ஒரு பழமொழி உண்டு: அல்ஜாரு கப்லத் தார். வீட்டைத் தேடுமுன் அண்டை வீட்டாரைத் தேடு என்பது அதன் பொருள். மதரஸாவில் இதை மனனம் செய்திருந்தும், மனை வாங்கும்போது சதுர அடிக் கணக்கையே பார்த்தேன். வீட்டை இடித்துக் கட்டலாம், சுவரை நகர்த்தலாம். தெருவை நகர்த்த இயலாது. எனவே முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது ஊரையும் தெருவையுமே.

தெருவை எப்போது பார்ப்பது? தரகர் நம்மைச் சித்திரை வெயிலில், காலை பத்து மணிக்குக் காரில் அழைத்துச் செல்வார். அப்போது எந்த நிலமும் மேடாகத்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை நீங்களாகப் போய்ப் பாருங்கள். தாம்பரத்திற்கு அருகே முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி வீடு கட்டிய குடும்பங்கள் 2015 டிசம்பரில் பட்ட துன்பத்தை நாம் அறிவோம். அடையாறு தன் பழைய வழியைத் தேடி வந்தது. வழியில் வீடுகள் இருந்தன. நமக்கு அருகிலேயே பள்ளிப்பட்டுப் பக்கம் 2021 நவம்பரில், ஆந்திரப் பகுதியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரால் கொசஸ்தலை ஆறு கரைபுரண்டது. ஆண்டில் பத்து மாதம் மணலாகக் கிடக்கும் ஆறு என்று எவரும் ஏமாற வேண்டாம். ஏரி, தாங்கல், கலங்கல், ஓடை என்னும் பெயர் சர்வே எண்ணுக்கு அருகில் இருந்தால் கிராம வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

வரைபடத்தை விடவும் நல்ல சாட்சி, அந்நிலத்தில் ஆடு மேய்த்த பெரியவர். நம் எல்லைப்புறத்தில் அவர் தெலுங்கு பேசுபவராகவும் இருக்கலாம். நம்மில் பலருக்கு அம்மொழி தெரியும், ஏன் கூச்சம்? “தாத்தா, மழைக்கு இங்கே தண்ணீர் எதுவரை நிற்கும், ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி” என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் உண்மை வந்துவிடும். 1960 ஏப்ரல் முதல் நாளில்தான் திருத்தணி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழ்நாட்டோடு இணைந்தது. ஆதலால் பழைய மூலப் பத்திரம் தெலுங்கில் இருந்தால் அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரை வைத்துப் படியுங்கள். புரியவில்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ஆவணங்களைப் பொறுத்தவரை, வழக்கறிஞருக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாயை வீண் செலவு என்று எண்ண வேண்டாம். குறைந்தது முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று, பட்டா, மூலப் பத்திரம், நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் ஆகியவற்றை அவர் பார்க்கட்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தையோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளையோ விற்பவர், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிந்திருக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டுச் சட்டம். மனைப்பிரிவின் சாலைகள் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்கப்பட்டனவா என்றும் கேளுங்கள். ஒப்படைக்கப்படாத சாலைக்கு விளக்கும் வராது, வடிகாலும் வராது. நம் ஊர் கோயில் நகரம். தேவஸ்தான நிலங்கள் உள்ள ஊர். கோயில் நிலம், வக்ஃபு நிலம், அரசுப் புறம்போக்கு ஆகியவற்றை உரியவரின் அனுமதியின்றி விற்கும் பத்திரத்தைப் பதியக் கூடாது என்று பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு சொல்கிறது. கோயிலுக்குரிய நிலத்தை அறிந்தே வாங்குவதும் வக்ஃபு நிலத்தை அறிந்தே வாங்குவதும் என் பார்வையில் ஒரே குற்றம்தான்.

பணத்தைப் பற்றி ஒரு சொல். வட்டி குறித்த மார்க்கச் சட்டம் நீங்கள் அறிந்ததே. அதற்குத் தனி அமர்வு வேண்டும். இன்று நான் சொல்ல விரும்புவது வேறு. விற்பனைப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. பத்து லட்சம் மதிப்புள்ள சொத்துக்குத் தொண்ணூறாயிரம் ரூபாய். 2025 ஏப்ரல் முதல், பத்து லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைகிறது, பத்தாயிரம் மிச்சம். அதற்காகவே மனைவியின் பெயரில் எழுதுவோர் பெருகுவர். எழுதுங்கள். ஆனால் எழுதிவிட்டு, “பெயர்தான் அவளுடையது, சொத்து என்னுடையது” என்று நாளை என்னிடம் பஞ்சாயத்துக்கு வராதீர்கள். கொடுத்தால் கொடுத்ததுதான். அவருடைய நகையை விற்று மனை வாங்கிவிட்டுத் தம் பெயரில் மட்டும் பதிந்துகொண்டவர்களும் இந்தச் சபையில் இருக்கலாம். அது அவருக்கு நீங்கள் பட்ட கடன்; கணக்கில் எழுதி வையுங்கள்.

இனி, “நம் ஆட்கள் இருக்கும் இடமாகப் பார்க்க வேண்டும்” என்னும் பேச்சு. இந்த ஆசையை நான் இழிவாகக் கருதவில்லை. பாங்கு சப்தம் காதில் விழ வேண்டும், பேரன் மக்தபுக்கு நடந்து போக வேண்டும் என்று ஒரு மூதாட்டி விரும்பினால் அது நியாயமே. பிற இடங்களில் நம் பெயரைக் கேட்டவுடன் வீடு தர மறுத்த அனுபவமும் சிலருக்கு உண்டு. அந்த வலி உண்மை. ஆயினும் பள்ளிவாசல் அருகில் என்ற ஒரு வரிக்காக வடிகாலில்லாத தெருவை வாங்குவது, நான் பச்சை வண்ணத்தைப் பார்த்து ஏமாந்ததற்கு ஒப்பாகும். அண்டை வீட்டாரின் உரிமையைப் பேசும்போது மார்க்கம் அவருடைய சமயத்தைக் கேட்பதில்லை. ஹனஃபி மத்ஹபில் பக்கத்து நிலத்தை விலைக்குக் கேட்பதில் அண்டை வீட்டாருக்கே முன்னுரிமை; ஷாஃபிஈ மத்ஹபில் அவ்வுரிமை பங்காளிக்கு மட்டும். கருத்து வேறுபாடு இருந்தாலும், அண்டை வீட்டார் எத்துணை முக்கியமானவர் என்பது இதிலிருந்து விளங்கும்.

ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் வரும் நாட்களில் நம் தெருக்களில் வாகனம் நகராது, நாம் பொறுத்துக்கொள்கிறோம். ரமலானில் ஸஹருக்கு நம் வீடுகளில் பாத்திரங்கள் உருளும் ஓசையை அவர்களும் பொறுத்துக்கொள்கிறார்கள். இரவு மூன்று மணிக்குத் தாய்க்கு மூச்சுத் திணறினால் கதவைத் தட்டக்கூடிய வீடு பக்கத்தில் உண்டா? இரயிலிலிருந்து இறங்கி இருட்டில் வரும் மகளுக்குத் தெருவில் விளக்கும், திண்ணையில் நாலு பேரும் உண்டா? மனையைப் பார்க்கப் போகும்போது மனைவியை அழைத்துச் செல்லுங்கள். நாம் பத்திரம் பார்ப்போம். அவர் தண்ணீர்க் குழாயையும் எதிர்வீட்டு வாசலையும் பார்ப்பார்.

அந்தத் தம்பதியர் சென்ற வாரம் மீண்டும் வந்தனர். மழையில் இரண்டு இடங்களையும் பார்த்துவிட்டார்கள். அரக்கோணம் சாலை மனைப்பிரிவில் சாலை இன்னும் பஞ்சாயத்துக்கு ஒப்படைக்கப்படவில்லையாம். திருவள்ளூர் வீட்டில் குறை ஒன்றுமில்லை, விலைதான் எட்டவில்லை. மூன்றாவதாக, நம் ஊரிலேயே பழைய தெரு ஒன்றில், கால் கிரவுண்டில் ஓட்டு வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அதைப் பார்க்கப் போனபோது மழை பிடித்துக்கொள்ள, பக்கத்து வீட்டு அம்மாள் உள்ளே அழைத்து உட்காரவைத்துக் காபி கொடுத்து, கூரை எந்த மூலையில் ஒழுகும் என்பதையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். மூலப் பத்திரத்தின் நகல் இப்போது வழக்கறிஞரிடம் இருக்கிறது.