கடவுச்சொல்லும் காவல் விதியும்

வீட்டுக்குப் பூட்டு எவ்வளவு பழையதோ, அப்பூட்டின் திறப்பை எங்கே வைப்பது என்னும் கவலையும் அவ்வளவு பழையது. பூட்டு எத்துணை வலிதாயினும், திறப்பு கதவுநிலையின் மேலே கிடக்குமாயின் காவல் என்பது பெயரளவே. இன்று வங்கிக் கணக்கும், வைத்தியசாலைப் பதிவேடும், பரீட்சைப் பெறுபேறும் கணினிக்குள்ளே குடிபுகுந்துவிட்டன. பலருக்கும் ஒருங்கே பணிபுரியும் கணினியை வழங்கி என்பர். அவ்வழங்கியை இயக்கும் பணிசெயல் முறைமையின் வாயிலிலே நின்று, 'வருபவர் யார்?' என்று வினவும் காவலாளியே கடவுச்சொல். அக்காவலுக்கு எத்தகைய விதிகளை வகுப்பது என்பது, அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அறிஞரை அலைக்கழித்துவரும் வினாவாகும்.

ஐக்கிய அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே, பெர்னாண்டோ கோர்பட்டோ என்பாரும் அவர்தம் குழுவினரும் ஒரு கணினியைப் பலர் ஒரே வேளையிற் பகிர்ந்து பயன்படுத்தும் முறையொன்றை 1961ஆம் ஆண்டிலே செய்துகாட்டினர். ஒருவருடைய கோப்பை மற்றொருவர் தொடாதிருக்க வேண்டுமே! அதற்காக ஒவ்வொருவருக்கும் ஒரு கடவுச்சொல் வழங்கப்பட்டது. ஆனால் அச்சொற்கள் யாவும் உள்ளது உள்ளபடியே ஒரு கோப்பில் எழுதி வைக்கப்பட்டன. அங்கே ஆராய்ச்சி மாணவராயிருந்த அலன் ஷேர் என்பவருக்கு வாரத்தில் நான்கு மணி நேரமே கணினி கிடைத்தது. அவருடைய ஆராய்ச்சிக்கோ அது போதவில்லை. 1962ஆம் ஆண்டில், அக்கோப்பை அச்சிட்டுத் தருமாறு துளையட்டை மூலம் ஒரு விண்ணப்பத்தை இட்டார். வெள்ளியிரவு இட்ட விண்ணப்பத்துக்குச் சனி காலையிலே எல்லோருடைய கடவுச்சொற்களும் அவர் கையில் வந்து சேர்ந்தன. காவலாளி உறங்கவில்லை, கேட்டவருக்குத் திறப்புக்கோவையையே எடுத்துக் கொடுத்துவிட்டான்!

அதே முறைமையில், 1960களிலே வேறொரு விபரீதமும் நேர்ந்தது. நிர்வாகிகள் இருவருள் ஒருவர் அன்றைய அறிவித்தலையும், மற்றவர் கடவுச்சொற் கோப்பையும் ஒரே வேளையில் திருத்திக்கொண்டிருந்தனர். செய்நிரலில் இருந்த குறையொன்றினால் அவ்விரண்டும் இடம் மாறின. உள்நுழைந்தவர் அனைவரின் கண்முன்னும், அன்றைய அறிவித்தலுக்குப் பதிலாகக் கடவுச்சொற் பட்டியலே வந்து நின்றது.

இந்நிகழ்ச்சிகளால் விளைந்த படிப்பினை யாது? கடவுச்சொல்லைக் கணினியும் அறியாதிருத்தல் வேண்டும் என்பதே. பெல் ஆய்வுகூடத்திலே யுனிக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையை ஆக்கியோர் இவ்வழியையே கைக்கொண்டனர். அரிசியை இடித்து மாவாக்கலாம். மாவை மீண்டும் அரிசியாக்கல் இயலாது. அதுபோலவே, பயனர் தட்டிய சொல்லைத் திரும்ப மீட்கவியலாத உருவாக மாற்றி, அவ்வுருவை மாத்திரம் வழங்கி சேமித்து வைக்கும். மறுமுறை அவர் வரும்போது, தட்டும் சொல்லை மறுபடியும் இடித்து, மாவோடு மாவை ஒப்பிடும். அன்றியும், இருவர் ஒரே சொல்லைத் தெரிந்தாலும் உரு வேறுபடும் வண்ணம், ஒவ்வொன்றிலும் தற்செயலாகத் தெரிந்த ஓரெண்ணைக் கலப்பர். அதற்கு 'உப்பு' என்றே பெயர். யுனிக்ஸ் முறையில் 4,096 வகை உப்புகள் இருந்தன.

பொறி இவ்வாறு திருந்தியது, மனிதர் திருந்தினரா? றொபேட் மொறிஸ், கென் தொம்சன் என்னும் அறிஞர் இருவர் 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுரை இதற்கு விடை கூறுகின்றது. அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களுள் 15 சொற்கள் ஒரேயொரு வரியுருவால் ஆனவை. 72 சொற்கள் இரண்டினால் ஆனவை. 464 சொற்கள் மூன்றினால் ஆனவை. அகராதிகளிலும் பெயர்ப்பட்டியல்களிலும் அகப்பட்டனவற்றையும் சேர்த்துப் பார்த்தால், 2,831 சொற்கள், அஃதாவது நூற்றுக்கு 86, எளிதிற் கண்டுபிடிக்கத்தக்கனவாய் இருந்தன.

விதியின் விளையாட்டு என்றே சொல்லத்தக்க ஒன்று பின்னர் நிகழ்ந்தது. 1988 நவம்பர் 2ஆம் நாள், இணையத்திலே தானாகப் பரவும் செய்நிரலொன்று அவிழ்த்துவிடப்பட்டது. அதனை எழுதியவர் அதே றொபேட் மொறிஸின் மைந்தர், றொபேட் தப்பன் மொறிஸ். அப்புழு வேறு பல வழிகளோடு கடவுச்சொல் ஊகித்தலையும் கையாண்டது. முதலிற் பயனரின் பெயரையே முயன்று பார்த்தது. அப்பெயரை இருமுறை அடுக்கியும், பின்னிருந்து முன்னாகத் திருப்பியும் பார்த்தது. அதன்பின் தன்னுடன் சுமந்து சென்ற 432 சொற்களைப் பரீட்சித்தது. ஏறத்தாழ 6,000 கணினிகள் அதன் வாய்ப்பட்டன என்று அக்காலத்தில் மதிப்பிடப்பட்டது. தந்தை எழுத்திலே எச்சரித்த பலவீனத்தை மைந்தரின் ஆக்கம் உலகறியச் செய்தது. மைந்தருக்கு நீதிமன்றம் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூகசேவையும், 10,050 டொலர் தண்டமும் விதித்தது.

புழு அவ்வாறு ஊகிக்க இயன்றமைக்கு ஒரு காரணம், மாற்றப்பட்ட உருக்களைக் கொண்ட கோப்பு எவரும் வாசிக்கக்கூடியதாய் இருந்தமையே. பிற்காலத்தில் அவ்வுருக்கள் தலைமை நிர்வாகி மாத்திரம் வாசிக்கத்தக்க 'நிழற் கோப்பு' ஒன்றுக்கு மாற்றப்பட்டன. இன்று லினக்ஸ் வழங்கிகளிலும் இவ்வேற்பாடே நிலவுகின்றது. கடவுச்சொல் கடைசியாக மாற்றப்பட்ட நாள் எது, எத்தனை நாளில் மாற்றல் வேண்டும், எத்தனை நாளுக்கு முன் எச்சரித்தல் வேண்டும் என்பனவும் ஒவ்வொரு பயனரின் பெயருக்கு நேரே அந்நிழற் கோப்பிலேயே பதியப்படுகின்றன. நாட்கணக்கு 1970 சனவரி 1இலிருந்து தொடங்கும்.

இங்கேதான் விதி வகுப்போரின் பொறுப்பு ஆரம்பமாகின்றது. சொல்லின் குறைந்த நீளம் இத்துணை என்பது ஒரு விதி. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, இலக்கம், குறியீடு யாவும் கலந்திருத்தல் வேண்டுமென்பது மற்றொன்று. குறித்த நாளுக்கொருமுறை மாற்றுதல் வேண்டுமென்பது வேறொன்று. பிழையான சொல்லைப் பலமுறை தட்டுவோரைத் தடுத்து நிறுத்துதல் இன்னுமொன்று. இவ்விறுதி விதியை அளவறிந்தே இடுதல் வேண்டும். ஏனெனில், தீயோனொருவன் பிறனொருவனது பெயரிலே வேண்டுமென்றே பிழையாகத் தட்டி, உரியவனையே வெளியில் நிறுத்திவிடக் கூடும். ஆதலின், மூன்று பிழைக்குப் பின் பத்து நிமிடம் மாத்திரம் கதவடைத்துப் பின்னர் திறந்துவிடுதல் லினக்ஸில் இயல்பான ஏற்பாடாக உள்ளது.

காலந்தோறும் மாற்றுக என்னும் விதியின் கதையோ விந்தையானது. அமெரிக்க நாட்டின் நியமங்கள், தொழினுட்பத்துக்கான தேசிய நிறுவகம் 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டி, பலவகை எழுத்துக் கலப்பையும் காலமுறை மாற்றத்தையும் பரப்புதற்குப் பெருந்துணையாயிற்று. உலகெங்கும் அலுவலகங்கள் தொண்ணூறு நாளுக்கொருமுறை மாற்றுமாறு பணித்தன. பணியாளர் செய்ததென்ன? சொல்லின் ஈற்றிலுள்ள ஒன்றை இரண்டாக்கினர்; மறுமுறை இரண்டை மூன்றாக்கினர். நினைவிற்கொள்ள இயலாதோர் கடதாசித் துண்டில் எழுதி விசைப்பலகையின் அடியிற் செருகினர். பழைய சொல்லுக்கே மீளலாகாது என்று விதித்தால், ஒரே நாளிற் பலமுறை மாற்றிப் பழையதற்கே வந்து சேர்ந்தாரும் உளர். அதனைத் தடுக்க, மாற்றியபின் இத்தனை நாள் மாற்றலாகாது என்று இன்னொரு விதி வந்தது. விதியின் மேல் விதி ஏற, திறப்பு மீண்டும் கதவுநிலையின் மேல் ஏறிற்று.

2010ஆம் ஆண்டில் வட கரோலினாப் பல்கலைக்கழக ஆய்வாளர் 7,700க்கு மேற்பட்ட பழைய கணக்குகளை ஆராய்ந்தனர். ஒருவரின் பழைய கடவுச்சொல்லை அறிந்தவர், மாற்றிய புதுச்சொல்லை நூற்றுக்கு 17 கணக்குகளில் ஐந்து முயற்சிக்குள்ளேயே கண்டுபிடித்தல் கூடும் என்பது வெளிப்பட்டது. 2017ஆம் ஆண்டில் அதே நியமங்கள் நிறுவகம் தன் வழிகாட்டியைத் திருத்திற்று. காரணமின்றிக் காலமுறைப்படி மாற்றச் சொல்லற்க. சொல் களவுபோனதற்குச் சான்று கிடைத்தால் உடனே மாற்றச் செய்க. எழுத்துக் கலப்பை வற்புறுத்தாது நீளத்துக்கு இடங்கொடுக்க. ஏற்கனவே வெளியான சொற்களின் பட்டியலோடு ஒப்பிட்டு அவற்றை மறுக்க என்பன அதன் சாரம். 2004ஆம் ஆண்டு வழிகாட்டியை எழுதிய பில் பேர் என்பாரும், தாம் அன்று கூறியவற்றுட் பலவற்றுக்காக வருந்துவதாக அவ்வாண்டிலேயே பத்திரிகையொன்றுக்குத் தெரிவித்தார். தவற்றை ஒப்புக்கொள்ளும் துணிவு அறிஞருக்கு அணிகலன் அன்றோ!

லினக்ஸ் முறைமையில், நிர்வாகி வேறெதுவும் குறியாதவிடத்து, ஒரு கடவுச்சொல்லின் ஆயுள் 99,999 நாள் எனப் பொதுவாகக் குறிக்கப்பட்டிருக்கும். அது 273 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம். காலவரையறை இல்லை என்பதே அதன் பொருள். இன்னுமொன்று கவனிக்கத்தக்கது. பயனர் பலவீனமான சொல்லைத் தெரிந்தால் முறைமை மறுத்துவிடும். தலைமை நிர்வாகி அத்தகைய சொல்லை இட்டாலோ, சிறப்பாக வேறுவிதம் பணித்திராவிடின், எச்சரித்துவிட்டு ஏற்றுக்கொள்ளும். பிறர்க்கு விதி வகுப்போர் தமக்கும் அவ்விதியை ஏற்றல் நிர்வாகத்தின் முதற்படி என்பதை இது நினைவூட்டுகின்றது.

மொத்தத்தில், நீண்டதும் நினைவில் நிற்பதுமான ஒரு தொடர், ஓரிடத்தில் வழங்கியதை மற்றோரிடத்தில் வழங்காமை, கூடுமிடங்களில் இரண்டாவதொரு சான்று ஆகிய மூன்றுமே பயனர் மேற்கொள்ளத்தக்கவை. விதி வகுப்போர் மேற்கொள்ளத்தக்கதோ ஒன்றே: மனிதர் மறதியுடையவர், வேலைப்பளு மிக்கவர் என்பதை உணர்ந்து விதித்தல். சுமக்க இயலாத விதியை மனிதர் சுமப்பதில்லை. மெல்ல இறக்கி வைத்துவிடுவர். அவ்வாறு இறக்கி வைத்த இடத்தில்தான் கள்வன் காத்திருக்கிறான்.