தபாலில் சேராத புகார்க் கடிதங்கள்



இன்று பட்டம் பெறும் உங்களில் பலர் இன்னும் சில மாதங்களில் ஏதாவது ஓர் இடைநிலைப்பள்ளியில் வரலாறோ நன்னெறிக்கல்வியோ தேசிய மொழியோ கற்பிக்கப் போகிறீர்கள். அதனால் வாழ்க்கைத் தத்துவம் எதையும் நான் கொண்டுவரவில்லை. அரசாங்கம் என்றால் என்ன என்பதை வகுப்பறையில் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்ற ஒன்றை மட்டும் பேசிவிட்டு இறங்கிவிடுகிறேன். படம் எடுக்க வெளியே வெயிலில் நிற்கும் உறவினர்களின் பொறுமைக்கும் ஓர் அளவு உண்டல்லவா?

எஸ்.பி.எம். தேர்வு எழுதப்போகும் எந்த மாணவரையும் கூப்பிட்டுக் கேளுங்கள். குப்பை அள்ளவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, வடிகால் அடைத்துக்கொண்டது என்று நகராண்மைக் கழகத் தலைவருக்கு மலாயில் அதிகாரபூர்வக் கடிதம் எழுதத் தெரியும். முகவரி எந்தப் பக்கம், கோடு எங்கே, 'துவான்' என்ற விளி எங்கே, எல்லாம் மனப்பாடம். தாமானின், அதாவது குடியிருப்பின், பெயர் மட்டும்தான் கற்பனை. நாடு முழுக்க ஒவ்வோர் ஆண்டும் இப்படி எழுதப்படும் கடிதங்கள் சிவப்பு மையில் மதிப்பெண் வாங்கிக்கொண்டு புத்தகப்பைக்குள் போய்விடுகின்றன. அவை தபாலில் சேர்வதே இல்லை. அந்தக் கடிதத்துக்கு ஓர் உண்மையான முகவரி கொடுங்கள். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதே.

நாம் கூடியிருக்கும் பந்திங்கிலேயே தொடங்கலாம். படிவம் நான்கு பிள்ளைகளைத் தங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு குறையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஒருவர் சாலையில் குழி என்பார். யாருடைய சாலை? கிள்ளானிலிருந்து இந்த ஊர் வழியாகத் தெற்கே போகும் ஐந்தாம் எண் சாலை கூட்டரசுச் சாலை. தாமானுக்குள் இருக்கும் சந்து நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு. இன்னொருவர் குப்பை என்பார். திடக்கழிவு நிர்வாகத்துக்கென்று 2007இல் கூட்டரசுச் சட்டம் வந்தபோது சிலாங்கூர் அதில் சேரவில்லை. இங்கே குப்பை மாநிலத்தின் ஏற்பாட்டில் அள்ளப்படுகிறது. மூன்றாமவர் லங்காட் ஆற்று நீர் நாறுகிறது என்பார். அது வேறு வாரியம். இப்படி ஒவ்வொன்றுக்கும் யாரிடம் போவது என்று தேடும்போதே அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை, கூட்டரசுப் பட்டியல், மாநிலப் பட்டியல் எல்லாம் அவர்கள் கைக்கு வந்துவிடும். கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டு எழுதிக்கொடுத்தால் தேர்வு முடிந்த மறுநாள் மறந்துபோகும் சங்கதி அது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1990களில் தொடங்கிய 'புராஜெக்ட் சிட்டிசன்' என்ற பள்ளித் திட்டமும் கிட்டத்தட்ட இதுதான். வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒரே ஓர் உள்ளூர்ப் பிரச்சினையைத் தேர்ந்தெடுக்கும். இருக்கிற சட்டத்தைப் படிக்கும். மாற்று வழிகளை ஒப்பிடும். தன் தீர்வை எழுதி, பெரியவர்கள் உட்கார்ந்து கேள்வி கேட்கும் ஒரு விசாரணையில் முன்வைக்கும். அந்தக் கேள்விதான் முக்கியம். நம் மாணவர்கள் தயாரிக்கும் ஃபோலியோவிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. இணையத்திலிருந்து எடுத்த படங்கள், பளபளக்கும் அட்டை, கடைசிப் பக்கத்தில் பெற்றோருக்கு நன்றி. அதை ஒட்டியது அம்மாவா அக்காவா என்பதுகூடச் சமயத்தில் தெரிந்துவிடும்.

உங்களுக்கு வாய்ப்பாக, கோல லங்காட் நகராண்மைக் கழகத்தின் தலைமையகம் இந்த ஊரிலேயே இருக்கிறது. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 23ஆம் பிரிவைப் படித்துப்பாருங்கள். கழகம் வேறு விதமாகத் தீர்மானித்தால் ஒழிய, அதன் கூட்டங்களுக்குப் பொதுமக்களும் பத்திரிகையாளர்களும் வரலாம். பொதுமக்கள் என்றால் பள்ளிச் சீருடை போட்டவர்களும்தான். முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். நான்கு மாணவர்களை அழைத்துப் போங்கள். பேருந்து பிடித்து நாடாளுமன்றக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு, வாசலில் படம் எடுத்துக்கொண்டு திரும்பும் சுற்றுலாவைவிட இதில் விஷயம் அதிகம்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போது ஒரு மாணவி கேட்பாள், "சார், இவங்களுக்கு ஓட்டுப் போட்டது யாரு?" கேட்கவேண்டும். அதற்குத்தான் கூட்டிப்போகிறோம். யாரும் போடவில்லை, கழக உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. அப்போது ஊராட்சித் தேர்தலின் கதையைச் சொல்லுங்கள். 1951 டிசம்பரில் ஜார்ஜ்டவுனிலும், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் மக்கள் ஓட்டுப் போட்டு நகரசபைகளுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அம்னோ கட்சியும் ம.சீ.ச. கட்சியும் கைகோத்தது அந்தக் கோலாலம்பூர்த் தேர்தலில்தான். நாட்டை நெடுங்காலம் ஆண்ட கூட்டணிக்கு விதை அங்கே விழுந்தது. 1965இல் இந்தோனேசியாவுடன் மோதல் இருந்த காலத்தில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டில் ஊராட்சிகளை ஆராய ஓர் அரச ஆணையம் அமைந்தது. தலைவர் ஆதி நாகப்பன், நம்மவர், வழக்கறிஞர். அவருடைய ஆணையம் 1968இல் அறிக்கையை முடித்தது. ஊராட்சிகள் தேர்தலின் மூலம் அமையவேண்டும் என்றது. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஏற்காததற்குச் சொல்லப்பட்ட காரணங்களையும் ஏற்றிருக்கவேண்டும் என்பவர்களின் வாதங்களையும் இரண்டு அணிகளாகப் பிரித்து வாதாட விடுங்கள். உங்கள் கருத்து என்ன என்று கேட்பார்கள். சொல்லாதீர்கள்.

ஏனென்றால் இந்த வேலையில் ஆசிரியருக்கு ஒரே ஒரு கண்டிப்பான விதி உண்டு. வரலாற்றைச் சொல்லும்போது தவிர, கட்சியின் பெயர் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. குழி எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லை என்பதால்தான் குழியிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குப் பெரிய கோப்பைக் கொடுக்கலாம். 2020 பிப்ரவரியில் நம் மாவட்டத்தின் கோல லங்காட் வடக்கு வனக் காப்பகத்தில் ஏறக்குறைய 931 ஹெக்டரைக் காப்பகப் பட்டியலிலிருந்து நீக்கும் உத்தேசம் நாளிதழில் அறிவிப்பாக வந்தது. இருந்த காடே சுமார் 958 ஹெக்டர்தான். ஆட்சேபணை தெரிவிக்க 30 நாள். அந்தக் காட்டையொட்டி வாழும் தெமுவான் பூர்வக்குடியினரும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் பொதுமக்களும் அனுப்பிய ஆட்சேபணைகள் நாற்பதாயிரத்தைத் தாண்டின. அப்படியும் 2021 மே மாதம் ஐந்நூறு ஹெக்டருக்கும் மேல் நீக்கப்பட்டிருந்தது பின்னர் வெளியே தெரியவந்தது, எதிர்ப்பு கிளம்பியது, செப்டம்பரில் மாநில மந்திரி புசார் அந்த முடிவை மீட்டுக்கொள்வதாக அறிவித்தார். அறிவிப்பு, ஆட்சேபணை, மௌனம், முடிவு, பின்வாங்கல் என்று அரசாங்கம் நடக்கும் விதம் முழுவதும் இந்த ஒரு கோப்பில் இருக்கிறது. காடும் நிலமும் ஏன் மாநிலத்தின் கையில் என்ற கேள்வியும் இருக்கிறது. எந்தப் பாடநூலும் இதைவிட நன்றாகச் சொல்லிவிடாது.

நேரம் எங்கே என்பீர்கள். பாடத்திட்டத்தை முடிக்கவேண்டும், வரலாற்றில் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. நியாயம்தான். 2019 ஜூனில் குடிமையியல் கல்வியை மாதத்தின் நான்காம் வாரத்தில் ஒரு மணி நேரம் மற்ற பாடங்களுக்குள் நுழைத்தபோது, பல இடங்களில் அது அன்பு, மரியாதை, பொறுப்பு என்று சுவரொட்டி வரையும் மணியாக முடிந்தது. ஒரு மணி நேரத்தில் ஒரு கடிதம் எழுதலாம். அடுத்த மாதம் பதிலைப் படிக்கலாம். பதில் வராவிட்டால் நினைவூட்டல் எழுதலாம், சட்டமன்ற உறுப்பினருக்கு நகல் வைக்கலாம். தேதியையும் கடித எண்ணையும் ஒரு கோப்பில் போட்டு வைக்கப் பழக்குங்கள். பதில் வராத கோப்பையும் மதிப்பெண் கொடுத்துத் திருத்துங்கள்.

அவசரமும் இருக்கிறது. 2019 ஜூலை 16ஆம் தேதி வாக்குரிமை வயதை 18ஆகக் குறைக்கும் அரசமைப்புத் திருத்தத்துக்கு மக்களவையில் 211 பேர் ஆதரவளித்தார்கள், ஒருவரும் எதிர்க்கவில்லை. அதற்காகப் பாடுபட்ட 'உண்டி 18' இயக்கத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர் தர்மா பிள்ளை. திருத்தம் 2021 டிசம்பர் 15இல் நடப்புக்கு வந்தது. கூடவே தானியங்கி வாக்காளர் பதிவும் வந்தது. படிவம் கேட்டு யாரும் போகவேண்டியதில்லை. ஐந்தாம் படிவத்தில் உங்கள் வகுப்பின் கடைசி வரிசையில் தூங்குகிற பையன், அடுத்த ஆண்டு பிறந்தநாள் முடிந்ததும் வாக்காளர். அவனுக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் நின்று பாடம் சொல்லும் கடைசி ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

தலைமையாசிரியரிடம் முதலில் பேசிவிடுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தையும் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் கடிதத்துக்கு அஞ்சல்தலை உங்கள் செலவாக இருக்கட்டும்.