கைப்பேசியும் தொழிற்கல்வியும்

(இயந்திரத் தொழிலாளர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)

கைப்பேசியைக் கொண்டு தொழில் கற்க முடியுமா என்று பலர் கேட்கிறார்கள். முடியும். ஆனால் அதோடு விஷயம் தீர்ந்துவிடவில்லை. கற்றது எல்லோருக்கும் போய்ச் சேருமா? கற்றதைச் சரிபார்ப்பது யார்? யாருடைய நேரத்தில் கற்பது? இந்த மூன்று கேள்விகளுக்கும் நாம் விடை கண்டாக வேண்டும்.

வேலைத்தலத்தில் கற்பது தொழிலாளிக்குப் புதிதல்ல. 1865-ஆம் ஆண்டில் கியூபாவின் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் ஒரு வழக்கம் தோன்றியது. ஒருவர் பத்திரிகையும் நாவலும் உரக்கப் படிப்பார்; மற்றவர்கள் சுருட்டு சுற்றிக்கொண்டே கேட்பார்கள். படிப்பவருக்குரிய கூலியைத் தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து திரட்டிக் கொடுத்தார்கள். மறு ஆண்டே ஸ்பானிய ஆட்சி அதற்குத் தடை போட்டது. நமக்கு அருகில், கேரளத்தின் கண்ணூர் பீடித் தொழிலாளர்களிடமும் இந்தப் பழக்கம் வேரூன்றியிருந்தது. படிப்பவரின் பங்குப் பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்தார்கள். ஒருவர் படிக்க, அனைவரும் கற்றார்கள்!

இன்று ஒவ்வொருவர் கையிலும் கருவி இருக்கிறது. ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியே அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இதை மாற்ற வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பழைய லேத்தில் இருபது வருஷம் வேலை பார்த்த ஒருவரை சி.என்.சி. இயந்திரத்தின் முன்னால் நிறுத்துகிறார்கள். இரும்பின் குணம் அவர் கைக்குத் தெரியும். திரையில் ஓடும் எழுத்துத்தான் புரியவில்லை. ஜி00 என்றால் டூல் முழு வேகத்தில் பாய்ந்து போகும். ஜி01 என்றால் நாம் குறித்த ஃபீடில் வெட்டிக்கொண்டு நகரும். ஜி01 வர வேண்டிய இடத்தில் ஜி00 வந்துவிட்டால் டூல் ஜாப்பில் மோதும், இன்சர்ட் உடையும், ஆளுக்கே ஆபத்து வரலாம். இதைத் தெரிந்த ஒரு தோழர், தாம் பேசும் தமிழிலேயே இரண்டு நிமிஷம் படம் பிடித்து வாட்ஸாப் குழுவில் போட்டால், மூன்று ஷிப்டுக்கும் அது பாடமாகிவிடும். எழுத வராதவர் குரல் பதிவாகச் சந்தேகம் கேட்கலாம். விரிவாகக் கற்க விரும்புவோருக்கு பாரத் ஸ்கில்ஸ் தளத்தில் ஐ.டி.ஐ. பாடங்கள் இருக்கின்றன. ஐ.ஐ.டி.களும் இந்திய விஞ்ஞானக் கழகமும் 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களும் இருக்கின்றன.

அடுத்தது, சரிபார்க்கும் விஷயம். கதவு திறந்தால் இயந்திரம் நிற்க வேண்டும் என்பதற்காக இன்டர்லாக் வைத்திருக்கிறார்கள். அதைச் செயலிழக்கச் செய்து வேகமாக வேலை முடிப்பது எப்படி என்று ஒருவர் படம் போடலாம்; ஆயிரம் பேர் பார்க்கலாம். பார்த்தவர்களின் எண்ணிக்கை, போன விரலைத் திருப்பித் தராது! ஆகவே எந்தப் பாடத்தையும் இயந்திரத்தின் கைப்புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். அனுபவசாலி ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதலில் ஜாப் இல்லாமல், சிங்கிள் பிளாக்கில், வேகத்தைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, நேரம். எட்டு மணி நேரம் உழைத்து வீடு திரும்பியவருக்கு இரவு பத்து மணிக்குப் பாடம் வருகிறது. காலைக்குள் பார்த்து விடை அனுப்பச் சொல்கிறார்கள். இது கல்வியா? கூலியில்லாத வேலைதான். டேட்டாவுக்கும் தொழிலாளியே காசு கொடுக்கிறார். போபால் கோரத்துக்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டபோது, பாதுகாப்பாக வேலை செய்யத் தேவையான தகவலையும் பயிற்சியையும் தருவது நிர்வாகத்தின் கடமை என்று எழுதப்பட்டது. ஆயிரக்கணக்கான உயிர்களைப் பலி கொடுத்த பிறகு வந்த பாடம் அது. பிரான்சில் 2017 முதல், ஐம்பது பேருக்குக் குறையாத நிறுவனங்கள், வேலை நேரத்துக்கு அப்பால் இத்தகைய தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமை பற்றித் தொழிற்சங்கங்களுடன் பேச வேண்டும் என்ற சட்டம் அமலில் இருக்கிறது. வேலைக்கான படிப்பு வேலையின் பகுதியே. அதற்குரிய நேரம் வேலை நேரமே. இந்தக் கோரிக்கையை நாம் உறுதியாக எழுப்ப வேண்டும்.

நிர்வாகி மட்டுமே எழுதக்கூடிய குழு பள்ளிக்கூடமல்ல, அறிவிப்புப் பலகை. கேள்வி கேட்க இடமுள்ளதே பள்ளிக்கூடம்.

எனவே நாம் என்ன செய்ய வேண்டும்? ஒரு பிரிவில் பத்துப் பதினைந்து பேர் சேருங்கள். பொறுப்பாளர் இருவரைத் தேர்ந்தெடுங்கள். காலை வணக்கப் படங்களும் சினிமாத் துணுக்குகளும் அங்கே வேண்டாம். கேள்வி கேட்டவரைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது; ஒரு முறை சிரித்தால் மறுமுறை அவர் கேட்க மாட்டார். கம்பெனியின் வரைபடத்தைப் படமெடுத்துப் போடாதீர்கள். அது வேலைக்கே உலை வைக்கும். பல வீடுகளில் கைப்பேசி ஒன்றுதான். அது ஆண்கள் கையில் இருக்கிறது. ஆகவே பெண் தொழிலாளர்களுக்குப் பாடம் வேலைத்தலத்திலேயே கிடைக்க ஏற்பாடு செய்யுங்கள். வாரம் ஒரு முறை நேரில் கூடுங்கள். சரிபார்த்த பாடங்களை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். குழுவில் வருவது நாலு நாளில் மேலே போய் மறைந்துவிடும். நோட்டில் எழுதியது நாளை வேலைக்குச் சேரும் பையனுக்கும் பயன்படும்.

ஒருவர் மட்டும் தெரிந்து வைத்திருந்தால், அவர் லீவு போட்ட நாளில் மற்றவர்கள் திண்டாடுவார்கள். எல்லோரும் தெரிந்துகொண்டால் யாரையும் "உனக்கு வேலை தெரியாது" என்று ஒதுக்க முடியாது. இந்த வாரமே உங்கள் பிரிவில் முதல் பாடத்தைத் தொடங்குங்கள், தோழர்களே!