ஓட வைத்தவர் நம்பியார்

(பயிற்சியாளர் ஓ. எம். நம்பியார் நினைவு நாளையொட்டி, கோழிக்கோட்டில் நம் சங்கக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



நம் சங்கத்தில் தலைவர்களுக்கு நினைவு நாள் நடத்துகிறோம். போராட்டத்தில் உயிர் நீத்த தொழிலாளர்களுக்கு நடத்துகிறோம். ஓர் ஓட்டப் பயிற்சியாளருக்கு எதற்குக் கூட்டம், அதுவும் அவர் தமிழர்கூட இல்லையே என்று தோழர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லவே இன்று நிற்கிறோம்.

பிழைக்க வந்த ஊர் நமக்குச் சோறு போடுகிறது. அந்த ஊரின் நல்ல மனிதரை நம்மவர் என்று சொல்ல மொழி குறுக்கே நிற்காது. இது ஒரு காரணம். இதைவிடப் பெரிய காரணம், அந்த மனிதரின் வாழ்க்கையிலேயே இருக்கிறது.

ஓதயோத்து மாதவன் நம்பியார் 1932-ல் பிறந்தவர். ஊர், வடகரைக்கு அருகிலுள்ள மணியூர். வாலிப வயதில் விமானப் படையில் சேர்ந்தார். அங்கே பதினைந்து ஆண்டு உழைத்து, சார்ஜெண்டாக 1970-ல் வெளியே வந்தார். படையில் இருந்தபோது அவரே நல்ல ஓட்டக்காரர். நாட்டின் சார்பில் வெளிநாட்டில் ஒரு போட்டியிலாவது ஓட வேண்டும் என்ற ஆசை இருந்தது. அது நடக்கவில்லை. ஆசை நிறைவேறாத மனிதன் இரண்டு விதமாகப் போகலாம். ஊர் திரும்பிப் பழங்கதை பேசலாம். அல்லது தான் கற்றதை அடுத்தவருக்குக் கொடுக்கலாம். நம்பியார் பாட்டியாலாவுக்குப் போய் முறையாகப் பயிற்சியாளர் படிப்புப் படித்தார். கேரள விளையாட்டுக் கவுன்சிலில் பயிற்சியாளராகச் சேர்ந்தார்.

1976-ல் கேரள அரசு கண்ணூரில் பெண் பிள்ளைகளுக்காக ஒரு விளையாட்டுப் பிரிவைத் தொடங்கியது. சேர்ந்த பெண்கள் நாற்பது பேர். அவர்களில் ஒருத்தி பய்யோளிக்காரப் பெண், பன்னிரண்டு வயது, ஒல்லியான உடம்பு. அந்தப் பிள்ளையின் வேகமான நடையே தன் கண்ணில் பட்டது என்று நம்பியார் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளைதான் பி. டி. உஷா.

தோழர்களே, இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். உஷாவிடம் திறமை இருந்தது, யாரும் மறுக்கவில்லை. ஆனால் அரசு அந்தப் பிரிவைத் தொடங்காமல் இருந்தால்? உதவித்தொகையும், தங்க இடமும், வேளாவேளைக்குச் சாப்பாடும் இல்லாமல் இருந்தால்? சம்பளம் வாங்கிக்கொண்டு, காலை மாலை மைதானத்தில் நிற்பதே வேலையாக ஒரு மனிதர் அங்கே இல்லாமல் இருந்தால்? பய்யோளியில் வேகமாக நடக்கிற ஒரு பெண் இருந்தாள் என்பதோடு கதை முடிந்திருக்கும். அப்படி முடிந்துபோன கதைகள் இந்த நாட்டில் எத்தனை ஆயிரம் என்று எவர் எண்ணினார்கள்?

பய்யோளியில் அன்று செயற்கை ஓடுதளம் கிடையாது. கடற்கரை மணல்தான் மைதானம். மணலில் கால் புதையும். புதைந்த காலை இழுத்து ஓடினால் தொடை உறுதிப்படும். இல்லாததற்கு அழுதுகொண்டிராமல் இருப்பதைக் கொண்டு அவர் வேலை செய்தார்.

1980-ல் பதினாறு வயதில் உஷா மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஓடினார். 1982 டில்லி ஆசிய விளையாட்டில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. உஷாவுக்கு அதுவே ஏற்றது என்று கண்டு அதில் திருப்பிவிட்டவர் நம்பியார்.

அது என்ன ஓட்டம் என்று தெரிந்தால்தான் பயிற்சியாளரின் உழைப்புப் புரியும். பத்துத் தடைகள். ஒவ்வொன்றும் இரண்டரை அடி உயரம். முதல் தடைக்கு 45 மீட்டர், பிறகு தடைக்குத் தடை 35 மீட்டர், கடைசித் தடையிலிருந்து முடிவுக் கோட்டுக்கு 40 மீட்டர். இரண்டு தடைகளுக்கு நடுவே எத்தனை எட்டு வைப்பது என்பது கணக்கு. ஓர் எட்டுப் பிசகினாலும் தடைக்கு முன்னால் கால் தடுமாறும். மூச்சு முட்டுகிற நேரத்திலும் கணக்குப் பிசகாமல் கால் விழ வேண்டும் என்றால், அதே ஓட்டத்தை நூறு முறை, ஆயிரம் முறை ஓட வைக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் கடிகாரத்தோடு நின்று எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். கைதட்ட ஆளில்லாத அந்த விடியற்காலைகளில்தான் ஒலிம்பிக் ஓட்டம் தயாராகிறது.

இறுதிப் போட்டியில் உஷா 55.42 வினாடியில் ஓடி நான்காவதாக வந்தார். மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண்ணின் நேரம் 55.41. வினாடியில் நூறில் ஒரு பங்கு! அந்த வேகத்தில் அது சுமார் ஏழு சென்டிமீட்டர். ஒரு விரல் நீளம். சிஷ்யைக்குக் கைநழுவிய பதக்கம் குருவுக்கும் கைநழுவியது. ஒலிம்பிக் பதக்கமே தன் வாழ்நாள் கனவு, அது நிறைவேறவில்லை என்று அவர் கடைசிவரை சொன்னார்.

ஆனால் அவர் உட்கார்ந்துவிடவில்லை. மறு வருஷம், 1985-ல், ஜகார்த்தா ஆசியத் தடகளப் போட்டியில் உஷாவுக்கு ஐந்து தங்கம், ஒரு வெண்கலம். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்குக் கிடைத்த தங்கம் மொத்தம் ஐந்து. அதில் நான்கில் உஷாவின் பங்கு உண்டு. பத்திரிகைகள் ‘பய்யோளி எக்ஸ்பிரஸ்’ என்று பெயர் சூட்டின. நம் தென்னக ரயில்வேயிலேயே அவர் வேலை பார்த்தார் என்பது நமக்கும் பெருமை.

தோழர்களே, எக்ஸ்பிரஸ் என்றால் என்ன என்று ரயில்வேக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வண்டி வரும்போது ஜனங்கள் இஞ்சினைப் பார்த்துக் கையசைக்கிறார்கள். தண்டவாளத்தை விட்டு ஒதுங்கி, சம்மட்டியோடு வெயிலில் நிற்கும் கேங்மேனை யார் பார்க்கிறார்கள்? அவர் முந்திய நாள் பார்த்துச் சரிசெய்த பாதையில்தான் எக்ஸ்பிரஸ் போகிறது. நம்பியார் அந்தக் கேங்மேன் ஜாதி. உழைப்பாளி ஜாதி. அதனால்தான் அவர் நம்மவர்.

அரசு அவரை அடியோடு மறக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது 1985-ல் தொடங்கியபோது முதல் மூவரில் அவர் ஒருவர். அதே ஆண்டு சிஷ்யைக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. குருவுக்குப் பத்மஸ்ரீ எப்போது? 2021 ஜனவரியில்! நடுவே 36 ஆண்டுகள். அறிவிப்பு வந்தபோது அவர் எண்பதைக் கடந்த நோயாளி. 2021 ஆகஸ்டு 19-ல் தமது 89-வது வயதில் மறைந்தார். நவம்பரில் டில்லியில் விருதுகள் வழங்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை.

விருது கிடக்கட்டும். அவர் விட்டுச் சென்றது வேறு. உஷா 2002-ல் ஓட்டப்பள்ளி ஒன்று தொடங்கினார். அங்கே வளர்ந்த டின்டு லூகா 2015-ல் ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் தங்கம் வென்றார். கடற்கரை மணலில் ஒருவர் போட்ட விதை, பேத்தி முறையிலும் காய்த்தது. 2022 டிசம்பரில் உஷா இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவரானார்.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். நம் லைன் வீடுகளில் பிள்ளைகள் இல்லையா? தண்ணீர்க் குடத்தோடு மேடேறி ஓடுகிற பெண்ணின் காலில் பலம் இல்லையா? ஆனால் பதின்மூன்று வயதானதும் அவளை மைதானத்துக்கு அனுப்ப மாட்டோம். வயசுக்கு வந்த பெண், ஊர் பேசும் என்போம். விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி மலையாளப் பத்திரிகையில் வரும். நமக்குத் தெரிவதற்குள் தேதி போய்விடும். தெரிந்து போனாலும் இந்தச் சான்றிதழ் எங்கே, அந்தச் சான்றிதழ் எங்கே என்று திருப்பி அனுப்புவார்கள். திறமை செத்துப்போவது இப்படித்தான். சத்தமே கேட்காது.

ஆகவே சங்கத்தின் சார்பில் மூன்று காரியங்களை முன்வைக்கிறோம்.

ஒன்று, விளையாட்டு விடுதித் தேர்வுச் செய்திகளைத் தமிழில் எழுதிச் சங்கப் பலகையில் ஒட்டுவோம். சான்றிதழ் வாங்க அலுவலகத்துக்குப் பிள்ளையோடு ஒரு சங்கத் தோழர் கூடப் போவார்.

இரண்டு, ஞாயிறு காலையில் ஷிப்ட் இல்லாத தோழர்கள் முறை வைத்து மைதானத்தில் நிற்போம். நமக்கு ஓட்டக்கலை தெரியாது. காவல் நிற்கத் தெரியும். தாய்மார்களில் இருவர் வந்து நின்றால் பெண் பிள்ளைகளை அனுப்பத் தயக்கம் இருக்காது.

மூன்று, பயிற்சியாளர்களை ஒப்பந்தக் கூலிகளாக வைக்காதே, நிரந்தர வேலை கொடு என்ற கோரிக்கையை நம் கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்போம். ஒரு பிள்ளையை உருவாக்கப் பத்து ஆண்டு ஆகிறது. பத்து மாத ஒப்பந்தத்தில் இருப்பவர் யாரை உருவாக்க முடியும்?

பொன்னாடை போர்த்துவதில் நாம் கெட்டிக்காரர்கள். வென்று வந்தவருக்குப் போர்த்துகிறோம். இந்த ஊரிலேயே இன்றும் ஏதோ ஒரு பள்ளி மைதானத்தில், விசிலும் கடிகாரமுமாக ஒருவர் நின்றுகொண்டிருப்பார். அவர் உயிரோடு இருக்கும்போதே போய்ப் பார்ப்போம். நம் பிள்ளையை அவர் கையில் ஒப்படைப்போம். நம்பியாருக்கு அதைவிடப் பெரிய அஞ்சலி இல்லை.